மருந்து மிஷின் வச்ச சைக்கிள்

அடியேய், எட்டாப்புல எங்கூட ஒரே வகுப்புல உக்காந்தவளுகளா! முந்தாநாள் நம்ம குரூப்புல ஒருத்தி ஒரு வீடியோ போட்டா. ஏதோ கேரளாப் பக்கத்துப் பய, ஆட்டுக்கெடா கொம்பு மாதிரி ஹேண்டில்பார் வச்ச சைக்கிள்ல ஒரு சின்ன இஞ்சினத் தூக்கி வச்சுக்கிட்டு பெட்ரோல்ல ஓட்டுறான். அதுக்குக் கீழ கை தட்டுற பொம்மையா வரிசையாப் போட்டிருக்கீக. ஒருத்தி எழுதுறா: "நம்ம கிளாஸ்லயும் ஒருத்தி இப்பிடித்தானடி வந்தா, ஒம்போதாப்பு ஸ்கூல் தெறந்த அன்னைக்கு? மறுநாள்ல இருந்து ஏன் வரல அவ?" இன்னொருத்தி பதில் போடுறா: "கொழுப்பெடுத்து நின்னிருப்பா." அதுக்கு நாலு பேரு சிரிப்புப் பொம்மை.

அந்த அவ நான்தான். நானும் இந்தக் குரூப்புலதான் இருக்கேங்கிறதே ஒங்களுக்கு மறந்துபோச்சு. பரவால்ல. எனக்கு அறுபது நெருங்குது, சர்க்கரை வேற இருக்கு, பொறுமை சுத்தமாக் கெடையாது. கொழுப்புன்னு சொன்னவளுக்காகத்தான் இம்புட்டு நீளமா எழுதுறேன். படிச்சுட்டு எவளும் "அந்தக் காலம் மாதிரி வருமா"ன்னு கீழ போடாதீக. வந்தா நானே வெளக்குமாத்த எடுத்துக்கிட்டு வாசல்ல நிப்பேன்.

எட்டாப்பு முழுப்பரிச்ச முடிஞ்ச மறுநாள் நான் சமஞ்சேன். நம்ம பக்கத்து வழக்கம் ஒங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல, பதினாறு நாள் வீட்டுக்குள்ள விட மாட்டாக. எங்க வீடு திராட்சத் தோட்டத்துக்குள்ளயே இருந்துச்சு, சின்னமனூர்ல இருந்து மூணு மைல் உள்ள. வீட்டுக்கும் கெணத்துக்கும் நடுவுல மோட்டார் ரூம். அதுல ஒரு பாயி, ஒரு தட்டு, ஒரு சொம்பு, தொணைக்கு ஒரு உலக்கை, நான். கொடிப் பந்தலுக்குப் பக்கத்துல மட்டும் போயிரக் கூடாது, பிஞ்சு உதுந்துரும்னு அம்மா கோடு கிழிச்சுக் காட்டிட்டுப் போச்சு.

புஸ்தகத்தத் தொடாத, சரஸ்வதி. பூவத் தொடாத, வாடிரும். ஊறுகாச் சாடியத் தொடாத, பூசணம் பூத்துரும். இப்பிடி ஒரு பட்டியலு. மிஷினத் தொடாதன்னு மட்டும் யாரும் சொல்லல. ஒரு பொட்டப்பிள்ள அதத் தொடுவான்னு யாருக்கும் தோணியிருக்காது.

அந்த ரூம் மூலையில ஒரு மருந்து மிஷின் கெடந்துச்சு. முதுகுல மாட்டிக்கிட்டு திராட்சைக்கு மருந்தடிப்பாகல்ல, அதான். மருந்து ஊத்துற டேங்க் ஒடஞ்சு ரெண்டு வருசமாச்சு. அப்பா புதுசு வாங்கிட்டாக, இத ஓரமாத் தூக்கிப் போட்டுட்டாக. எனக்கு அந்த மிஷின் நல்லாத் தெரியும். அப்பா மருந்தடிக்கும்போதெல்லாம் பெட்ரோல்ல ஆயில அளந்து கலந்து குடுக்குறது, பிளக்கக் கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேச்சுக் குடுக்குறது எல்லாம் நான்தான். எனக்கு நாலு வருசம் மூத்தவன் எங்கண்ணன், அவனுக்குப் பெட்ரோல் வாடையே ஆகாது. தலவலிக்குதும்பான்.

பதினாறு நாள் செவத்தப் பாத்துக்கிட்டு எம்புட்டு நேரந்தான் உக்கார்றது? மோட்டாருக்குன்னு வச்சிருந்த ஸ்பேனர எடுத்தேன். டேங்கக் கழட்டுனேன், காத்தடிக்கிற கூண்டக் கழட்டுனேன். கார்புரேட்டருக்குள்ள பெட்ரோல் காஞ்சு வெல்லப்பாகு கணக்கா ஒட்டிக் கெடந்துச்சு. பாவாட நாடாவால தொடச்சேன். ஒம்போதாவது நாளோ பத்தாவது நாளோ, கயித்தச் சுத்தி ஒரு இழு இழுத்தேன் பாருங்க, அது போட்ட சத்தத்துல பந்தல்ல இருந்த கிளியெல்லாம் எந்திரிச்சு ஓடிருச்சு.

அம்மா ஓடியாந்துச்சு. கையில கரண்டி. "அடிப்பாவி மகளே! தீட்டோட எதத் தொட்டு வச்சிருக்க? இனிமே இத எப்பிடிடி கொடிக்குக் கொண்டு போறது?"

பின்னாலயே அப்பா வந்தாக. ரூமுக்கு வெளிய நின்னுக்கிட்டு இஞ்சின் ஓடுறதயே பாத்தாக. சிரிச்சாக. "ரெண்டு வருசமா செத்துக் கெடந்ததுக்கு உசுரு குடுத்திருக்கா, விடு. தோட்டத்துக்கு ஆகாதுன்னா அவளே வச்சுக்கிறட்டும்."

ஆக, மிஷின் எனக்குச் சொந்தமாச்சு. தீட்டுப் பட்டதுனால. என் பேருக்குன்னு அந்த வீட்டுல வந்த மொத சொத்து அதான்.

ரெண்டாவது சொத்து சடங்கு அன்னைக்கு வந்துச்சு. மாமா, எங்கம்மா கூடப் பொறந்த தம்பி, கட்டப்பனைப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்துல ஜீப் ஓட்டிக்கிட்டு இருந்தாரு. தாய்மாமன் சீரு மேளதாளத்தோட வருது. தேங்காத் தட்டு, பழத் தட்டு, பட்டுப் பாவாட, வெள்ளிக் கொலுசு, எல்லாம் வரிசையா வந்து கடைசியா ரெண்டு ஆளுக ஒரு சைக்கிளத் தோள்ல தூக்கிக்கிட்டு வர்றாக. ஹேண்டில்பார்ல ரோசாப்பூ மால. முன்சக்கரம் சின்னது, பின்சக்கரம் பெருசு. சீட்டு நீட்ட வாழக்கா மாதிரி, அதுக்குப் பின்னால முதுகு சாய ஒரு ஒசந்த கம்பி. தோட்ட மொதலாளி மகன் ஓட்டிட்டுத் தூக்கிப் போட்டதாம். மாமா தேச்சுச் செவப்புப் பெயிண்ட் அடிச்சுக் கொண்டாந்துட்டாரு. "சாப்பர் சைக்கிளாக்கும், வெளிநாட்டு மாடல்"னாரு.

கூடியிருந்த பொம்பளைக சிரிச்ச சிரிப்பு இருக்கே! "சமஞ்ச பிள்ளைக்குச் சைக்கிளா? இனிமே எங்க ஓட்டிக்கிட்டுப் போகப்போறா, அடுப்படிக்கும் கெணத்துக்குமா?" அம்மாவுக்கு மானமே போச்சு. "ஏண்டா, ஒனக்குக் கூறு இருக்கா? ஒரு தையல் மிஷினக் கொண்டாந்திருக்கக் கூடாது?"

"குழப்பமில்ல அக்கா. மருமக பள்ளிக்கூடம் போகட்டும்னுதான்"னு மலையாளம் கலந்து சொன்னாரு மாமா. பாவம் அந்த மனுசன். எந்தச் சடங்கோட என் காலக் கட்டிப் போடுறாகளோ, அந்தச் சடங்குக்கே சக்கரத்தக் கொண்டாந்து வச்சாரு.

சடங்கு முடிஞ்ச மறுநாளே அம்மா தீர்ப்புச் சொல்லிருச்சு. படிப்பு போதும். வாய்க்காக் கரையில மூணு மைல் நடந்து போகணும், வழியில ஆள் நடமாட்டமில்ல, வயசுக்கு வந்த பிள்ளைய எவன் என்ன சொன்னாலும் நாளைக்குக் கெட்ட பேரு நமக்குத்தான். நான் சாப்பிடாமப் படுத்தேன். சாயந்தரம் அப்பா வந்து பக்கத்துல உக்காந்தாக.

"நடந்து போறதுதானத்தா எடஞ்சலு. வேறொண்ணுமில்ல."

"நடக்காம வண்டியில போனா?"

"எந்த வண்டியில?"

"அந்தச் சைக்கிள்ல இந்த இஞ்சின மாட்டிருவேன். பத்து நிமிசத்துல போயிருவேன். எவன் வந்து எங்கிட்டப் பேச முடியும்?"

அப்பா என் தலையத் தடவுனாக. "மாட்டு மொதல்ல. பாப்போம்."

அந்தப் பாப்போம்ங்கிற வார்த்தைய வாங்கி மடியில கட்டிக்கிட்டேன். எங்கப்பாவப் பத்தி ஊருக்குள்ள கேட்டுப் பாருங்க, மொகத்துக்கு நேரா இல்லைன்னு சொல்லத் தெரியாத மனுசன்னு இன்னைக்கும் சொல்லுவாக. அதப் பெருமையாத்தான் சொல்லுவாக.

சரி, எப்பிடி மாட்டுறது? அந்த வீடியோக்காரப் பயலுக்குக் கடையில எல்லாச் சாமானும் பொட்டியில வச்சு விக்கிறான். எனக்கு யாரு விக்கிறா? சைக்கிளுக்குச் செயினு பெடல்ல இருக்கு, இஞ்சின் சுத்துற வேகத்துக்கு அதுல மாட்டுனா எல்லாம் பிச்சுக்கிட்டுப் போயிரும். நாலஞ்சு நாளு அதையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். ஒருநா அம்மா வாடகைக்கு எடுத்த தையல் மிஷின்ல பாபினுக்கு நூல் சுத்திக்கிட்டு இருந்துச்சு. ஒரு குட்டி ரப்பர் சக்கரம் பெரிய சக்கரத்து மேல ஒட்டி ஒரசிக்கிட்டுச் சுத்துச்சு. பாத்ததும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. செயினே வேணாம். இஞ்சின் தண்டுல ஒரு சின்ன இரும்பு உருளைய மாட்டி, அது பின்டயரு மேல அமுங்கி உக்காந்தாப் போதும். உருளை சுத்துனா டயரு சுத்தும். அம்மா மிஷினப் பாத்து வந்த யோசனைதான், ஆனா அம்மாகிட்ட நான் அதச் சொல்லவே இல்ல. அப்ப எனக்கு அதுமேல அம்புட்டுக் கோவம்.

சீட்டுக்குப் பின்னால இருந்த ஒசந்த கம்பி நல்லதாப் போச்சு. அதுல ஒரு பலகைய வச்சு, பழைய கதவுக் கீல மாட்டி, பலகை மேல இஞ்சின முடுக்குனேன். கைக்கு எட்டுற எடத்துல ஒரு கம்பி. கம்பிய இழுத்தா இஞ்சின் டயர விட்டு எந்திரிக்கும், விட்டா மறுபடி உக்காரும். மொதல்ல பெடல மிதிச்சு வேகம் வந்ததும் கம்பிய விடணும், இஞ்சின் தானாப் புடிச்சுக்கிரும். இதெல்லாம் ஒரே நாள்ல வந்த புத்தியில்ல. ரெண்டு பலக ஒடஞ்சுச்சு, ஒரு தடவ கட்டவெரல் நகம் பேந்துச்சு. மோட்டார் ரூம் செவத்துல கரிக்கட்டையால தேதி போட்டு, அன்னைக்கு என்ன வேல முடிஞ்சதுன்னு எழுதி வைப்பேன்.

அப்பா தெனமும் சாயந்தரம் வந்து பாப்பாக. கீல் வேணும்னா கீலு. பழைய மொபெட்டோட ஆக்சிலேட்டர் ஒயரு வேணும்னா எங்கிட்டாவது கேட்டு வாங்கியாந்துருவாக. எதிர்ல குத்தவச்சு உக்காந்து, "இது எதுக்குத்தா, அது எதுக்குத்தா"ன்னு கேப்பாக. அண்ணன் கேக்காதத அப்பா கேக்குறாகளேன்னு எனக்கு அம்புட்டு சந்தோசம். சொல்றதுக்கென்ன, என் ஆயுசுல எங்கிட்ட யாரும் அப்பிடிக் கேட்டதில்ல, அதுக்கு முன்னயும் பின்னயும். கட்டிக்கிட்டவரு உட்பட.

அம்மா வேற மாதிரி. சோத்துத் தட்டக் கொண்டாந்து தரையில வைக்கும்போதெல்லாம் ஒரு சொல்லு சொல்லிட்டுத்தான் போகும். "இந்த வண்டி ஓடும்டி. நீதான் போக மாட்ட." ஒருநா நின்னு சொல்லுச்சு: "பாப்போம்னா என்னான்னு ஒங்கப்பாகிட்ட நேரா நின்னு கேளு. போகலாமா கூடாதான்னு ஒரே வார்த்தையில கேளு." அம்மாவுக்கு வயித்தெரிச்சலுன்னு நெனச்சேன். வாயத் தெறந்தே சொல்லவும் செஞ்சேன். அம்மா தட்ட எடுத்துக்கிட்டுப் போயிருச்சு.

உருளை மட்டும் நம்மளால செய்ய முடியாது, கடைசல் போடணும். நோட்டுத் தாள்ல படம் வரஞ்சு குடுத்தேன். டயரு ஈரமா இருந்தா வழுக்குமேன்னு உருளை மேல வெல்டிங்ல கோடு கோடா இழுக்கச் சொல்லியும் எழுதியிருந்தேன். வீரபாண்டித் திருவிழா முடிஞ்ச மறு திங்கக்கெழம, அப்பா வெள்ள வேட்டி சட்ட போட்டுக்கிட்டுச் சின்னமனூரு போனாக. மத்தியானம் வரும்போது உருளை இருந்துச்சு, நான் வரஞ்ச மாதிரியே. கூடவே ஒரு பொட்டலம் அல்வா.

"அல்வா எதுக்குப்பா?"

"சும்மாத்தாந்தா. லேத்துக்காரரு படத்தப் பாத்துட்டு, அம்சமா இருக்கே, யாரு வரஞ்சதுன்னு கேட்டாரு. எம்மகன்னு சொல்லிட்டேன்."

"ஏன்?"

"மகள்னா நம்பமாட்டாகள்ல."

எனக்குச் சுருக்குன்னுச்சு. ஆனா கையில உருளை இருந்துச்சு, வாயில அல்வா இருந்துச்சு. விட்டுட்டேன்.

வண்டி ஓடுன கதையச் சொல்லணும். பொட்டப்பிள்ள மொதல்ல ஏறக் கூடாதுன்னு அண்ணன ஏத்துனாக. "கம்பிய இழுத்தா நிக்கும்ணே, மறந்துராத"ன்னு பத்து தடவ சொன்னேன். தோட்டத்துப் பாதையில நல்லாத்தான் போனான். திருப்பத்துல கம்பிய மறந்துட்டு, "ஏலே நில்லு, ஏலே நில்லு"ன்னு வண்டிகிட்டயே கெஞ்சிக்கிட்டு நேரா எருக் குழியில போயி விழுந்தான். நான் வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சேன். அப்பறம் நான் ஏறி ஓட்டுனேன், தோட்டத்த மூணு சுத்து. அப்பா கை தட்டுனாக. அம்மா வாசப்படியில நின்னு பாத்துட்டு உள்ள போயிருச்சு.

ஸ்கூல் தெறக்குறதுக்கு மொத நாள் அப்பாகிட்டச் சொன்னேன், "நாளைக்குப் போறேம்ப்பா." அப்பா மருந்து டப்பாவுல இருக்குற எழுத்தப் படிக்கிற மாதிரி அதையே பாத்துக்கிட்டு, "ம்"னாக. மறுநா எந்திரிச்சுப் பாத்தா ஆளக் காணோம். வெள்ளனமே கமிசன் கடைக்குப் போயிட்டாகளாம்.

அம்மாதான் சட பின்னி விட்டுச்சு. சீப்ப அமுத்தி அமுத்தி இழுத்துச்சு. "ஒங்கப்பா ஏன் இம்புட்டு வெள்ளனமாக் கெளம்பிப் போனாகன்னு யோசிச்சியா?" நல்ல நாளும் அதுவுமா இப்பிடிப் பேசுதேன்னு நான் ரிப்பன எடுத்து நீட்டுனேன். "சரி, போ. போயி நீயே பாத்துட்டு வா"ன்னு ரிப்பன முடிச்சுப் போட்டு விட்டுச்சு.

அந்த மூணு மைலப் பத்தி நான் என்னத்தச் சொல்ல? தண்ணி தெறந்துவிட்டு வாய்க்கா நெறஞ்சு ஓடுது. மேகாத்து, கூடவே ஊசிச் சாரலு. வெல்டிங் கோடு போட்ட உருளை ஈர டயர வழுக்காமப் புடிச்சிருக்கு. நாத்து நட வந்த பொம்பளைக நிமுந்து பாக்குறாக. எவனோ பாலத்துச் செவத்துல இருந்து விசிலடிச்சான், அவன் ரெண்டாவது விசில் அடிக்கிறதுக்குள்ள நான் எங்கிட்டோ போயிட்டேன். இதுக்குத்தானடா செஞ்சேன்னு கத்தணும் போல இருந்துச்சு. கத்தவும் செஞ்சேன், இஞ்சின் சத்தத்துல யாருக்குக் கேக்கப்போகுது?

மிச்சம் ஒங்களுக்குத் தெரியும். வேப்பமரத்தடியில வண்டிய நிறுத்துனதும் சுத்தி நின்னீக. தொட்டுப் பாத்துட்டு ஒருத்தி கையச் சுட்டுக்கிட்டா. மணி அடிச்சாக. ஒம்போதாப்புல போயி உக்காந்தேன். டீச்சரு பேரு கூப்பிட்டாக. எனக்கு முந்துன பேருக்காரி 'உள்ளேன்'னா. அடுத்து எம் பேரு வரணும். எனக்குப் பிந்துனவ பேரு வந்துச்சு. நீங்க அத கவனிச்சிருக்க மாட்டீக. நான் கவனிச்சேன்.

டீச்சரு நல்லவுக. "விட்டுப்போயிருக்கும், ஆபீஸ்ல கேட்டுட்டு வாம்மா"ன்னாக. ஆபீஸ்ல இருந்த கிளார்க்கு ஒரு பெரிய நோட்டப் பொரட்டுனாரு. "உனக்கு டிசி குடுத்தாச்சேம்மா. அப்பா வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயிட்டாரே."

"எங்கப்பாவா?"

நோட்டத் திருப்பிக் காட்டுனாரு. அப்பா கையெழுத்துதான், கடைசி எழுத்துக்குக் கீழ ஒரு கோடு இழுப்பாக, அது இருந்துச்சு. காரணம்னு ஒரு கட்டம். அதுல எழுதியிருந்துச்சு: மாணவிக்குப் படிப்பைத் தொடர விருப்பமில்லை. பக்கத்துல தேதி. அந்தத் தேதிய நான் செவத்துல கரியால எழுதியிருக்கேன், உருளை வந்த நாளுன்னு. ஒரே சட்ட, ஒரே பஸ்ஸு, ஒரே சின்னமனூரு. ஒரு கையில உருளைய வாங்கிட்டு, இன்னொரு கையில டிசிய வாங்கிட்டு, நடுவுல அல்வாவும் வாங்கியிருக்காக.

வகுப்புக்குத் திரும்பி வந்து சொன்னேன். டீச்சரு என் மொகத்தப் பாத்துட்டு மார்க்கு நோட்ட எடுத்துப் பாத்தாக. "நல்லாப் படிக்கிற பிள்ளையா இருக்க. அந்த டிசியத் திருப்பிக் கொண்டா. இந்த வாரத்துக்குள்ள கொண்டாந்தா நான் பேசிச் சேத்துவிடுறேன்." ஒரு தாளு. அந்த ஒரு தாளு இருந்தாப் போதும்.

வண்டிய வெரட்டிக்கிட்டு வந்தேன். அப்பா கமிசன் கடையில இருந்து வந்து பந்தலுக்கடியில கவாத்து பண்ணிக்கிட்டு இருந்தாக. இஞ்சின அமத்திட்டுப் போயி எதுக்க நின்னேன்.

"டிசி எங்கப்பா?"

கத்திரிய வச்சிருந்த கை நின்னுச்சு. என்னையப் பாக்கல, கொடியவே பாத்துக்கிட்டுச் சொன்னாக. "அது எதுக்குத்தா இப்ப? உள்ள பொட்டியில இருக்கு. பாப்போம்."

"பாப்போம்னு சொல்லாதீகப்பா. குடுக்குறீகளா இல்லையா?"

"ஒங்கம்மாவுக்குப் புடிக்கல. ஊரு ஒரு மாதிரி. நான் என்னத்தா செய்ய?"

"அப்ப எதுக்குக் கீலு வாங்கிக் குடுத்தீக? எதுக்கு ஒயரு வாங்கியாந்தீக? எதுக்கு எதிர்ல உக்காந்து ஒவ்வொண்ணாக் கேட்டீக?"

அப்பதான் நிமுந்து பாத்தாக. மொகத்துல கள்ளமே இல்ல, அதான் கொடும. நெசமாவே எனக்குப் புரியலையேன்னு வருத்தப்படுற மொகம். "படிப்ப நிறுத்துனா அழுவியே, ஏங்கிப் போயிருவியேன்னு பயந்துபோயிருந்தேன். ரெண்டு மாசமா ஒரு தடவ அழுதியாத்தா நீ? சந்தோசமாத்தான இருந்த?"

ஆமா, சந்தோசமாத்தான் இருந்தேன்.

அதுக்கப்பறம் நடந்தத ரெண்டு வரியில சொல்லி முடிச்சுருவேன். பத்து நாள்ல புது மிஷின் மக்கர் பண்ணுச்சு. மழ பேஞ்சுட்டா உடனே மருந்தடிக்கணும், இல்லன்னா திராட்சக் கொல அழுகிரும். என் இஞ்சினக் கழட்டி அதுல மாட்டிக்கிட்டாக. தீட்டு எங்க போச்சோ, யாரும் கேக்கல. என் கை பட்ட இஞ்சின்தான் அந்த வருசம் பூராவும் கொடிக்கு மருந்தடிச்சுச்சு, ஒரு பிஞ்சு உதுரல. சைக்கிள அண்ணன் கொஞ்ச நாளு ஓட்டுனான். எருக் குழியில விழுந்தவனத்தான் மெக்கானிக் படிப்புக்கு அனுப்புனாக, லேத்துக்காரரு பாராட்டுன மகன்ல அவன். எனக்குப் பதினெட்டுல கல்யாணம். இப்பவும் வீட்டுல மிக்ஸி நின்னுபோனா, "நீ தொடாத, ஆள் வரட்டும்"னுதான் எம் மகன் சொல்றான்.

ஆனா டிசி கேட்ட அன்னைக்கு மத்தியானம் ஒண்ணு நடந்துச்சு. அத இதுவரைக்கும் ஒருத்தர்கிட்டயும் சொன்னதில்ல.

நான் மோட்டார் ரூமுல செவத்தப் பாத்து உக்காந்திருந்தேன். அம்மா ஒரு கிண்ணத்துல மண்ணெண்ணெயும் பழந்துணியும் எடுத்துக்கிட்டு வந்துச்சு. பக்கத்துல உக்காந்து, எம் மொழங்கை வரைக்கும் இருந்த ஆயிலத் தொடச்சுச்சு. அப்பறம் தாழ்வாச் சொல்லுச்சு. "வேணாம்னு சொன்னவ நான்தான், இல்லைங்கல. ஆனா நீ வண்டியில போனத இன்னைக்கு நாலு ஊரும் பாத்தாச்சு. இனி மூடி மறைக்க என்ன இருக்கு? போறதுன்னா போயித் தொல. பொட்டிச் சாவி அவர் அரணாக்கயித்துல இருக்கு, நான் கேட்டாக் குடுக்க மாட்டாரு. நீ போயிக் கேளு. சண்ட போடாத. அழு. அவர் முன்னால உக்காந்து அழு. அந்த மனுசனுக்கு நீ அழுகுறதத் தாங்காது, எடுத்துக் குடுத்துருவாரு."

நான் அம்மா கையத் தட்டிவிட்டேன். கிண்ணம் கவுந்து மண்ணெண்ணெய் தரையெல்லாம் ஓடுச்சு. "எல்லாம் ஒன்னாலதான். ஒனக்குப் புடிக்கலன்னுதான அப்பா இப்பிடிச் செஞ்சாக. எம் மொகத்துல முழிக்காத"ன்னு கத்துனேன்.

அப்பா வந்து கூப்பிட்டாக. "வாத்தா, சாப்பிடுவோம்." போனேன். அழக் கூடாதுன்னு பல்லக் கடிச்சுக்கிட்டுப் போனேன். அழுதா நான் தோத்த மாதிரின்னு நெனச்சேன், பதிமூணு வயசு ரோசம். அப்பா தயிர ஊத்திப் பெசஞ்சு உருட்டி உருட்டிக் குடுத்தாக. ஒவ்வொரு உருண்டையும் வாங்கி முழுங்குனேன். ஒரு பொட்டுக் கண்ணீர் விடல.

அம்மா அடுப்படி வாசல்ல நின்னுக்கிட்டு என்னையவே பாத்துச்சு. அழுடி, அழுடின்னு கண்ணாலயே கெஞ்சுச்சு. எனக்காகத்தான் கெஞ்சுதுன்னு அன்னைக்குப் புரியல. நான் வேற பக்கம் திரும்பிக்கிட்டேன்.

கடைசி உருண்டையக் குடுத்துட்டு அப்பா கையக் கழுவுனாக. மொகமெல்லாம் நிம்மதி. அம்மாவப் பாத்துச் சொன்னாக: "பாத்தியா, அவளே சமாதானமாயிட்டா."